சுண்டுவிரலும் பெருவிரலும்: மாரிக்கு மட்காட் பூட்டிய ஒரு கியர் சைக்கிள்

இந்தச் சைக்கிளுக்கு மூன்று முறை மட்காட் (சில்லிலிருந்து சேறு தெறிக்காமல் மறைக்கும் தகடு) பூட்டினேன். முதல் முறை முதுகு மட்டும் தப்பியது. இரண்டாம் முறை, கொக்கட்டிச்சோலைக்கு இப்பால் வயலோரத்தில் முன்சில்லு இறுகி விழுந்தேன். மூன்றாம் முறை பூட்டியது ஒரு முழு மாரியைக் கடந்து இன்றும் அசையாமல் நிற்கிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருந்தது பெரும்பாலும் சில மில்லிமீற்றர் இடைவெளிதான். மட்காட் விற்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. விழுந்தவன் என்ற முறையில் அதை விவரமாக எழுதிவைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

என் வீடு மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில். படிப்பிக்கும் பாடசாலை கொக்கட்டிச்சோலைக்கு அப்பால். போக ஏறத்தாழ 12 கிலோமீற்றர், வர அதே 12. சைக்கிளுக்கு 26 அங்குலச் சில்லு, முன்சில்லைப் பிடிக்கும் கவட்டையாக ஸ்பிரிங் வைத்த போர்க், றிம்மை இருபுறமும் கவ்வும் வி-பிரேக், 2.1 அங்குல அகலத்தில் கட்டை கட்டையாக முள் வைத்த ரயர். கடைக்காரர்கள் மவுண்டன் சைக்கிள் என்பார்கள், எங்கள் ஊரில் கியர் சைக்கிள். வாங்கும்போது மட்காட் இருக்கவில்லை. இருக்கவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை, வாங்கியது பங்குனி மாதம்.

அப்பா றலி சைக்கிள் வைத்திருந்தார். கறுப்பு இரும்பு மட்காட், முழு செயின் கவர். எந்த மாரியிலும் அவருடைய வேட்டியில் சேற்றைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அந்தச் சைக்கிள் மழையில் வேலைக்குப் போகிறவனுக்காகவே செய்யப்பட்டது. மவுண்டன் சைக்கிள் 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி மலைச்சரிவுகளில் பிறந்தது. அங்கே அதை ஓட்டியவர்கள் சரிவில் வேகமாக இறங்குவதற்காக ஓட்டினார்கள், சேறு படக்கூடாதென்ற கவலை அவர்களுக்கு இல்லை. ஆகவே மட்காட் பூட்டுவதற்கான துளைகளைக்கூடப் பல சைக்கிள்களில் வைப்பதில்லை. அந்த வண்டியை வாவிக்கரைக்குக் கொண்டுவந்து, வெள்ளைச் சேட் போட்டு, ஐப்பசியிலிருந்து தை வரை ஓட்டுவதென்றால், அது செய்யப்படாத வேலையை அதனிடம் கேட்கிறோம்.

பாதையைச் சொல்லாமல் மட்காட்டைப் பற்றிப் பேசமுடியாது. வீட்டு ஒழுங்கையில் கடற்கரை மணல். பிரதான வீதி நல்ல தார். அதிலிருந்து மேற்கே திரும்பி மண்முனைப் பாலம். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை இங்கே ‘பாதை’ ஓடியது. படகுகளின் மேல் தட்டுப் போட்டு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப் போகிற அந்த மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். இப்போது நனையாமல் வாவியைக் கடக்கலாம், ஆனால் மார்கழி வாடைக்காற்று பக்கவாட்டில் தள்ளும். பாலத்துக்கு அப்பால் காபட் வீதி, இருபுறமும் வயல். பெரும்போகத்துக்கு உழும் நாட்களில் உழவு இயந்திரங்கள் இரும்புச் சில்லோடு வயலிலிருந்து ஏறி வீதியைக் கடக்கும். அவை கடந்த இடத்தில் களி தட்டுத் தட்டாகக் கிடக்கும். கடைசி இரண்டு கிலோமீற்றர் கிரவல் வீதி, மழையில் செம்மண் குழம்பு.

மணல், தார், களி, கிரவல். நான்கும் நான்கு விதமாக மட்காட்டைச் சோதிக்கின்றன. வெறும் மழைநீர் இவற்றில் எளிய பகைவன். காய்ந்தால் போய்விடும். மணல் செயினை அராவுகிறது. களி வேறு ஒன்றைச் செய்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் முயற்சி மிகச் சிறியது, விரைவாகச் சொல்லிவிடலாம். சீற் தண்டில் கவ்வும் ஒரு பிளாஸ்டிக் தட்டையும், சட்டகத்தின் கீழ்ப் பாரில் கட்டும் இன்னொன்றையும் வாங்கினேன். ஐந்து நிமிட வேலை. முதுகில் விழும் செம்மண் கோடு அன்றோடு நின்றது. ஆனால் சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சேற்றில் தோய்ந்தது போலிருக்கும், செயின் மாலையில் வீடு வரும்போது மணலை மென்றுகொண்டே வரும். கார்த்திகையில் ஒருநாள் இரண்டாம் பாடவேளை முழுவதும் ஈரக் காலுறையோடு நின்று படிப்பித்தேன். அன்று மாலையே, நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துவிடுவதென்று தீர்மானித்தேன். நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன். வகுப்பில் சொல்வதை என் சைக்கிளில் செய்துபார்க்காமல் விட்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பு மாணவர்களோடு விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் தேங்கிய நீரில் சோதித்தோம். பழைய பத்திரிகைத் தாளைச் சட்டகத்தின் கீழ்ப் பாரிலும், செயின் பக்கத்துப் பெடல் தண்டுக்கு முன்னாலும், சப்பாத்திலும், முதுகிலும் கட்டினோம். ஒரே வேகத்தில் மூன்று முறை ஓட்டிவிட்டுத் தாள்களைக் கழற்றி மேசையில் விரித்தோம். முதுகுத் தாளில் அங்கங்கே சில புள்ளிகள்தான். கீழ்ப் பாரின் தாளில், நான் கட்டிய தட்டு மறைத்த நடுப்பகுதி உலர்ந்திருந்தது, அதற்குக் கீழே ஊறிப்போயிருந்தது. சப்பாத்துத் தாளும் பெடலருகே இருந்த தாளும் கையோடு கிழிந்து வந்தன.

காரணம் இதுதான். ரயரில் ஒட்டிய நீர், சில்லு சுழலும்போது தொடுகோட்டின் திசையில் பிரிந்து பறக்கிறது. முன்சில்லின் பின்பக்கம் மேலே ஏறுகிற பக்கம். தரையிலிருந்து ஒரு சாண் ஏறுவதற்குள் பிரிகிற துளி பின்னோக்கிப் பாய்ந்து கால்களிலும் செயினிலும் பெடல் அச்சின் பெயரிங்கிலும் அடிக்கிறது. அச்சு மட்டத்தில் பிரிவது நேரே மேலே எழும்பிக் கீழ்ப் பாரில் மோதுகிறது. உச்சியில் பிரிவது முன்னே பறக்கிறது. அந்த இடத்தில் ரயர் சைக்கிளின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் தரைக்கு மேல் நகர்கிறது. அந்தத் துளியைக் காற்று தடுத்து நிறுத்த, நாம் ஓட்டிப்போய் அதற்குள் முகத்தைக் கொடுக்கிறோம். பின்சில்லிலும் இதே கதை, ஆனால் அதன் தாழ்ந்த துளிகள் நமக்குப் பின்னால் வருகிறவருக்குப் போகின்றன. ஆகவே நம் காலையும் செயினையும் காப்பது முன் மட்காட்டின் கீழ் நுனி. அது எவ்வளவு தாழ இறங்குகிறதோ அவ்வளவு பயன். நாங்கள் எல்லோரும் பின் மட்காட்டைப் பற்றியே யோசிக்கிறோம், முதுகில் விழும் கோடு மற்றவர்கள் கண்ணில் படுவதால்.

இரண்டாம் முயற்சி: அளவு பொருந்தியது, இடைவெளி பொருந்தவில்லை

முழு மட்காட் என்று முடிவானது. எங்கள் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை பெரிய சைக்கிளுக்கான இரும்பு மட்காட்டும் பெண்கள் சைக்கிளுக்கான மட்காட்டும். எது பொருந்தும் என்பதற்கு ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்கவேண்டும். என் ரயரில் 54-559. முதல் எண் அகலம், இரண்டாவது ரயர் றிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். பெண்கள் சைக்கிளின் 26 × 1⅜ ரயரில் 37-590. பெரிய றலியின் 28 × 1½ ரயரில் 40-635.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. 26 என்ற பெயர் றிம்மைக் குறிப்பதல்ல, காற்றடித்த ரயரின் வெளிவிட்டத்தைக் குறிக்கப் பிறந்தது. என் ரயரின் வெளிவிட்டம் 559 உடன் 54ஐ இருமுறை கூட்டினால் 667. பெண்கள் சைக்கிளின் ரயர் 590 உடன் 37ஐ இருமுறை கூட்டினால் 664. மூன்றே மில்லிமீற்றர் வித்தியாசம். றிம் ஒன்றுக்கொன்று ஒருபோதும் மாறாது, ஆனால் மட்காட்டின் வளைவு அச்சுப்போல ஒத்துவரும். பெரிய றலியின் மட்காட்டோ 715க்கு வளைந்தது. அதைப் பூட்டினால் நடுவில் தொட்டு நுனிகளில் விலகி நிற்கும்.

பெண்கள் சைக்கிளின் மட்காட் ஒரு சோடி வாங்கினேன். வளைவு அழகாகப் பொருந்தியது. உள்ளகலம் 56 மில்லிமீற்றர், ரயர் 54. பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர். உச்சியில் ரயருக்கும் மட்காட்டுக்கும் 6 மில்லிமீற்றர். நெருங்கி நிற்பது அழகென்று நினைத்தேன், நீரும் வெளியே வராது என்று நினைத்தேன். நீரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

முன் போர்க்கில் ஸ்பிரிங் இருந்ததால் இன்னொரு சிக்கல். சாதாரணமாக மட்காட்டை போர்க்கின் தலையில் போல்ட் போட்டு நிறுத்துவோம். ஸ்பிரிங் போர்க்கில் தலை அசையாது, கீழ்க்கால்கள் சில்லோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். தலையில் பூட்டினால் வேகத்தடையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ரயர் மேலே வந்து மட்காட்டில் இடிக்கும். ஆகவே கீழ்க்கால்களை இணைக்கும் வில்லில் கேபிள் டையால் கட்டினேன், மட்காட் கம்பிகளைக் கீழ்க்கால்களில் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன். மட்காட் சில்லோடு சேர்ந்து அசைந்தது. இந்த ஏற்பாட்டில் தவறில்லை. கேபிள் டை தளர்ந்து வாரத்துக்கொரு முறை இறுக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பதினொரு நாள் நன்றாக ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலை, மழை விட்டிருந்தது. உழவு இயந்திரம் ஒன்று அப்போதுதான் வீதியைக் கடந்திருந்தது. களியில் போன போகத்து அரிதாள் கலந்து வீதி முழுவதும் பரவிக் கிடந்தது. மெதுவாகத்தான் போனேன். முதலில் சில்லு கனத்தது, சப்தம் மாறியது. இறங்கிப் பார்த்திருக்கவேண்டும். இன்னும் நான்கு பெடல் மிதித்தேன். முன்சில்லு அப்படியே நின்றது, பின்பக்கம் எழும்பியது, நான் ஹாண்டிலுக்கு மேலால் போய் உள்ளங்கையும் முழங்காலும் உரசி விழுந்தேன். காயம் பெரிதில்லை. பையிலிருந்த 32 அப்பியாசக் கொப்பிகள் வாய்க்காலுக்குள் போயின. அவற்றை எடுத்து வகுப்பறைக் கம்பியில் ஒவ்வொன்றாக உலரப் போட்டபோது பிள்ளைகள் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அந்த அமைதிதான் அதிகம் வலித்தது.

மாமாவின் கடையில்

சைக்கிளைத் தூக்கிக்கொண்டுபோன கடை ஆரையம்பதியில் ஒரு சிறிய கொட்டில். கடைக்காரர் அப்பாவின் றலியைத் திருத்தியவர். நான் மாமா என்பேன், அவர் இன்றும் மகன் என்றுதான் கூப்பிடுவார். மட்காட்டைக் கழற்றாமல், களியையும் கழுவவிடாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கால்மணி நேரம் பார்த்தார்.

“இறால் கூடு கட்டுகிறதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, மகன்?”

“பார்த்திருக்கிறேன் மாமா.”

“இறால் உள்ளே போக வழி இருக்கும், வெளியே வர வழி இருக்காது. நீங்கள் அப்படித்தான் மட்காட் பூட்டியிருக்கிறீர்கள். இது தலைகீழாக இருக்கவேண்டும். நுழைகிற வாய் சிறிது, போகிற வாய் பெரிது.”

அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன் மட்காட்டுக்குள் எதுவும் நுழைவது பின்பக்கக் கீழ் நுனியால். சில்லு அதை மேலே இழுத்துக்கொண்டுபோய், போர்க்கைத் தாண்டி, முன்நுனியால் வெளியே தள்ளவேண்டும். என் மட்காட்டில் கீழ் நுனியில் 15 மில்லிமீற்றர் இடம் இருந்தது, போர்க்கின் வில்லுக்குக் கீழே 6. அகலமான வாயால் நுழைந்த களி ஒடுக்கமான கழுத்தில் போய் அடைத்திருக்கிறது.

நின்றது இரண்டு கட்டமாக. களி மட்டும் அடைத்திருந்தால் சில்லு படிப்படியாக இறுகி நின்றிருக்கும், இறங்கித் தோண்டியெடுக்கலாம். அரிதாள் கற்றை ஒன்று களியோடு சுருண்டு உள்ளே போனதும், மட்காட்டையே சில்லு பிடித்துக்கொண்டது. மட்காட் மேலே இழுபட, கம்பிகள் தாங்க முடியாமல் மடிய, இரும்புத் தகடு சுருங்கி வில்லுக்கும் ரயருக்கும் நடுவில் ஆப்புப்போல் இறங்கிவிட்டது. இந்த இரண்டாம் கட்டத்துக்குச் சேறு தேவையில்லை. ஒரு காய்ந்த குச்சி போதும். வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் சிலர் முன்கம்பியின் நுனியை இழுபட்டால் தானாகக் கழன்றுவிடும் கிளிப்போடு செய்வது இதற்காகத்தான். முன் மட்காட்டை அசையாதபடி இறுக்கிப் பூட்டுவதே நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை அன்றோடு விட்டேன்.

மாரி முடியும்வரை மட்காட் இல்லாமலே ஓட்டினேன். மூன்றாம் முயற்சியை அடுத்த ஆவணியில், வெயிலில், அவசரமில்லாமல் தொடங்கினோம்.

மூன்றாம் முயற்சி

முதலில் போர்க். ஸ்பிரிங் போர்க்கில் வில் ரயருக்கு மிக அருகில் வருவதால் இடைவெளியைக் கூட்ட வழியில்லை. மாமாவின் பழைய இரும்புக் குவியலில் அதே 1⅛ அங்குலக் கழுத்துள்ள இரும்புப் போர்க் ஒன்று இருந்தது, ஸ்பிரிங் இல்லாதது. அதில் வி-பிரேக் பூட்டும் முளைகள் இருந்தன, அச்சருகே மட்காட் கம்பிக்கான துளை இருந்தது, தலையில் போல்ட் துளையும் இருந்தது. கழுத்தின் நீளம் எங்கள் சட்டகத்துக்குப் போதுமா என்று வெட்டுவதற்கு முன் இருமுறை அளந்தோம். ஸ்பிரிங் போர்க்கைவிட இது கட்டையானது என்பதால் முன்பக்கம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் தாழ்ந்தது. ஹாண்டில் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது, ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. ஹாண்டிலின் கீழே வளையங்கள் போட்டு உயரத்தை மீட்டோம். ஸ்பிரிங் போனதே என்று எனக்கு வருத்தமில்லை. எங்கள் கிரவல் வீதிக்கு ரயரில் காற்றைச் சற்றுக் குறைத்துவிட்டால் போதும்.

அடுத்தது ரயர். இடைவெளி வேண்டுமென்றால் மட்காட்டை உயர்த்துவது ஒரு வழி, ரயரைச் சிறிதாக்குவது மற்றது. 1.75 அங்குல ரயருக்கு மாறினேன், 47-559. அகலம் 7 மில்லிமீற்றர் குறைந்தது, உயரமும் அதே 7 குறைந்தது. பெரிய கட்டை முட்களும் போயின. அவைதான் களியை அள்ளி வைத்திருந்தவை. எனக்குத் தெரிந்த அளவில் இந்த முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிக பயன் தந்தது இந்த ரயர் மாற்றம். இதை முதலில் செய்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

மட்காட் 60 மில்லிமீற்றர் அகலமான பிளாஸ்டிக், 26 அங்குலச் சில்லுக்கே வளைத்தது. ரயருக்கு இருபுறமும் ஆறு மில்லிமீற்றருக்குக் குறையாமல் இடம். இரும்பா பிளாஸ்டிக்கா என்று மாமாவோடு நெடுநேரம் பேசினேன். இரும்பைத் தட்டி வளைக்கலாம், ஊரில் எங்கும் கிடைக்கும். ஆனால் வாவிக்காற்றில் உப்பு இருக்கிறது, இரும்பு மட்காட்டின் மடிப்புக்குள் துரு தொடங்கினால் வெளியே தெரிவதற்குள் தின்றுவிடும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, போல்ட் துளையருகே வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் இருபுறமும் அகலமான வொஷரும், நடுவில் ரியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டும் வைத்தோம். வி-பிரேக்கின் கைகள் மட்காட்டின் விளிம்பில் முட்டின. அந்த இடத்தில் விளிம்பை அரை வட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்தை அரத்தால் மழுங்கடித்தோம். கூர்மையாக விட்டால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

இடைவெளிக்கு மாமா அளவுகோல் எடுக்கவில்லை. கீழ் நுனியில் தன் சுண்டுவிரலை ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் வைத்தார், போர்க்கின் தலைக்கு முன்னே பெருவிரலை வைத்தார். கீழே சுண்டுவிரல் தடையின்றிப் போகவேண்டும், மேலே பெருவிரல் போகவேண்டும். பிறகு நான் அளந்தபோது கீழே 14, தலைக்குக் கீழே 18, முன்நுனியில் 22 மில்லிமீற்றர் வந்தது. தார் வீதியில் மட்டும் ஓடும் சைக்கிளுக்கு ஒரு சென்ரிமீற்றரே போதும், களிக்குப் போதாது. ரயரைச் சுற்றி ஒரே சீராக நிற்கும் மட்காட்டைவிட இது பார்ப்பதற்குச் சற்று வாய்பிளந்தது போலிருக்கும். இருக்கட்டும்.

கம்பியின் நுனிக்கு மாமாவும் நானும் வேறு வேறு கருத்துச் சொன்னோம். அவர் இரும்புப் போல்ட்டுத்தான் என்றார். நான் முன்சில்லுக்கு மட்டும் நைலோன் போல்ட் கேட்டேன். அச்சருகே போர்க்கில் பூட்டும் இரண்டும் 5 மில்லிமீற்றர் நைலோன். ஏதாவது சிக்கி மட்காட்டை இழுத்தால் போல்ட் முறிந்து கம்பி விடுபடும், மட்காட் மடியாமல் விலகும். கம்பி உண்மையில் விடுபடுகிறதா என்று சோதித்துப் பார்த்தோம். ஒரு பழைய போர்க்கில் பூட்டி, ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விறகுக் குச்சியை விட்டுச் சில்லைக் கையால் சுழற்றினேன். இரண்டாம் சுழற்றலில் போல்ட் முறிந்தது. மாமா எதுவும் பேசாமல் ஒரு கைப்பிடி நைலோன் போல்ட்டைத் தன் டப்பாவில் போட்டுவைத்தார்.

பின்சில்லில் அத்தனை ஆபத்தில்லை, பின்சில்லு இறுகினால் சறுக்கும், தூக்கி எறியாது. அங்கே இரும்புப் போல்ட்டே போட்டோம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வலப்பக்கம் அச்சருகே கம்பிக்குப் போடும் போல்ட் நீளமாயிருந்தால் அதன் நுனி உட்பக்கம் நீட்டிக்கொண்டு பிறீவீலின் (பின்சில்லின் பற்சக்கரத் தொகுதி) மிகச் சிறிய சக்கரத்தில் ஓடும் செயினில் உரசும். கடைகளில் செயினைப் பெரிய சக்கரத்தில் போட்டுப் பார்த்துவிட்டுச் சரியென்று அனுப்பிவிடுகிறார்கள், வீதியில் கியர் மாற்றும்போது செயின் சிக்குகிறது. நாங்கள் போல்ட்டை உட்பக்கத்திலிருந்து செலுத்தி நட்டை வெளியே போட்டோம், தட்டையான தலை மட்டும் உள்ளே நிற்கிறது. கரியரும் அதே துளையில்தான் இருப்பதால் கரியரின் காலை உள்ளேயும் மட்காட் கம்பியை வெளியேயும் வைத்தோம், பாரத்தைத் தாங்குவது சட்டகத்தோடு ஒட்டி நிற்கவேண்டும். நட்டுகள் எல்லாம் நைலோன் வளையம் வைத்தவை. கிரவல் வீதியில் வெறும் நட்டு ஒரு மாதம் தாங்காது.

கடைசியாக, கீழ் நுனியில் தொங்கும் மடல். கடையில் வந்த மட்காட் தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் முடிந்துவிடுகிறது. என் சப்பாத்தை நனைத்த துளிகள் எல்லாம் அதற்குக் கீழேதான் பிரிகின்றன. முதலில் லொறி ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிப் பூட்டினோம். கனமாயிருந்தும் காற்றில் பின்னே மடிந்தது. பிறகு ஒயில் கானின் பக்கத்தை வெட்டி, கீழே அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் வடிவமைத்து, இரண்டு போல்ட்டில் நிறுத்தினோம். நுனி தரையிலிருந்து 8 சென்ரிமீற்றரில் நிற்கிறது. வீதியோரக் கல்லில் ஏறினால் உரசும், வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்கும். இது இல்லாத மட்காட்டை முழு மட்காட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மாரிக்குப் பிறகு

அதே மைதானத்தில் அதே முறையில் பத்திரிகைத் தாள்களைக் கட்டி மீண்டும் ஓட்டினோம். முதுகிலும் கீழ்ப் பாரிலும் தாள் உலர்ந்தே இருந்தது. சப்பாத்தின் வெளிப்பக்கத்தில் சில துளிகள், அவை ரயரின் பக்கவாட்டிலிருந்து வருபவை, மட்காட்டால் நிறுத்தமுடியாது. பெடலருகே இருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

செயின் எனக்கு அதைவிடப் பெரிய சான்று. செயினில் ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததுக்கு அரை அங்குலம், ஆகவே புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். தேயத் தேய அது நீளும். 12 அங்குலத்துடன் ⅟₁₆ கூடினால் மாற்ற ஆயத்தமாகலாம், ⅛ கூடிவிட்டால் பிறீவீலின் பல்லையும் அது தின்னத் தொடங்கியிருக்கும். மட்காட் சரியில்லாத மாரியில் ஐப்பசியில் போட்ட புதிய செயின் தை முடிவில் ⅛ஐத் தாண்டியிருந்தது. சென்ற மாரியில் போட்டது அதே காலத்தில் ⅟₁₆ஐக்கூட எட்டவில்லை. எண்ணெய் போடுவதிலும் துடைப்பதிலும் நான் எதையும் மாற்றவில்லை.

களியில் இரண்டு முறை அகப்பட்டேன். இரண்டு முறையும் களி மட்காட்டுக்குள் போய் முன்நுனியால் கட்டியாக விழுந்தது. ஒருமுறை பனையோலைத் துண்டு ஒன்று சிக்கி இடப்பக்க நைலோன் போல்ட் முறிந்தது. ‘டக்’ என்ற சப்தம் கேட்டது, நின்றேன், பையிலிருந்த மேலதிகப் போல்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பாடசாலை மணி அடிக்குமுன் வகுப்பில் இருந்தேன்.

தீராதவையும் உண்டு. வி-பிரேக் றிம்மின் பக்கத்தைக் கவ்வுவதால் மணல் றிம்மில் ஏறத்தான் செய்கிறது, பிரேக் கட்டைகள் முன்போலவே தேய்கின்றன. மாலையில் ஒரு வாளி நீரில் றிம்மைக் கழுவாமல் இருக்கமுடியவில்லை. வீதியை மூடி வெள்ளம் ஓடும் நாட்களில் எந்த மட்காட்டும் பயனில்லை. சில்லின் அச்சு மூழ்கினால் பெயரிங்குக்குள் நீர் போய்விடும், அன்று சைக்கிளை வீட்டில் விட்டு பஸ்ஸில் போகிறேன். தவறி ஒருநாள் வெள்ளத்தில் இறங்கியதற்கு இரண்டு சில்லையும் கழற்றிப் பழைய கிறீஸை வழித்துப் புதிதாக வைக்கவேண்டியதாயிற்று.

எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவர் இந்த ஆண்டு தன் சைக்கிளையும் மாரிக்கு ஆயத்தப்படுத்தித் தரச் சொல்லியிருக்கிறார். போன சனிக்கிழமை அதை மாமாவின் கடைக்குக் கொண்டுபோனோம். 27.5 அங்குலச் சில்லு, டிஸ்க் பிரேக். இடப்பக்கம் டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பகுதி மட்காட் கம்பிக்குக் குறுக்கே நிற்கிறது, அதைச் சுற்றி வளைக்க நீளமான கம்பி வேண்டும். “மகள், இதில் ஒடுக்கமான ரயரும் போடலாம்” என்று மாமா அவரிடம் சொன்னார். ஆசிரியைக்கு அகலமான ரயரே பிடித்திருந்தது. மாமா மட்காட்டை இடத்தில் பிடித்துக்கொண்டு, போர்க்கின் தலைக்கு முன்னே பெருவிரலை வைத்துப் பார்த்தார். போகவில்லை. சுண்டுவிரலை வைத்தார். அதுவும் போகவில்லை. ஆசிரியை தன் விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, “சரி மாமா, ரயரைக் கழற்றுங்கள்” என்றார்.